வாட்சன் குடும்பம் எங்கள் ஊருக்கு வந்தது

மதியச் சாப்பாடு முடிந்து வகுப்புக்குத் திரும்பியதும் எங்கள் டீச்சர் பாதி விளக்குகளை அணைத்துவிடுவார். மேசைமேல் தலை சாய்த்துக்கொள்ளலாம், தாளில் கிறுக்கலாம், பேச மட்டும் கூடாது. உயரமான முக்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைச் சற்று இறக்கிக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் கதை வாசிப்பார். அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் நகரத்தில், நான் ஐந்தாம் வகுப்பு படித்த 1997-ஆம் வருடம் அது. அப்பாவுக்கு அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் அம்மாவுக்கு அது அப்பா வேலை பார்க்கிற ஊர்தான். எனக்கோ அது பிறந்த ஊர்.

அன்று டீச்சர் எடுத்தது புதுப் புத்தகம். கிறிஸ்டோபர் பால் கர்ட்டிஸ் எழுதி 1995-இல் வந்த 'தி வாட்சன்ஸ் கோ டு பர்மிங்ஹாம் – 1963'. எங்கள் ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் மேசையில் சாய்ந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. அதுவரை கேட்ட கதைகள் நியூயார்க்கில் நடந்தன, இங்கிலாந்தில் நடந்தன, இல்லாத தேசங்களில் நடந்தன. இரும்பு உருக்கும் உலைகளும் சிவப்பு மலையும் உள்ள எங்கள் ஊருக்குக் கதையில் யாராவது வருவார்கள் என்று நாங்கள் எண்ணியதே இல்லை.

1963 என்ற எண் யாரையும் உலுக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அந்த ஊரிலேயே வளர்ந்த குழந்தைகள் நாங்கள். அந்த எண் எங்களுக்கு எதையும் சொல்லவில்லை. ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் பெயரில் விடுமுறை. அதற்கு முந்தின வாரம் பள்ளியில் அவர் படத்துக்கு வண்ணம் தீட்டுவோம். கனவைப் பற்றி அவர் பேசிய உரையை ஒலிநாடாவில் கொஞ்சம் போடுவார்கள். களைத்துப்போன ரோசா பார்க்ஸ் என்ற தையற்காரப் பெண்மணி பேருந்தில் எழுந்திருக்க மறுத்தார், கிங் பேசினார், எல்லாம் சரியாகிவிட்டது. எனக்குத் தெரிந்த சிவில் உரிமை இயக்கம் இவ்வளவுதான். ரோசா பார்க்ஸ் மான்ட்கோமரியில் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்துக்குப் பல வருடம் செயலாளராக உழைத்தவர், 1955 கோடையில் டென்னசியிலிருந்த ஹைலேண்டர் பள்ளிக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவந்தவர் என்பதெல்லாம் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. அவருக்கு ஒன்பது மாதம் முன்பு, அதே ஊரில், கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பெண் பேருந்தில் எழுந்திருக்க மறுத்துக் கைதானாள் என்பதும் சொல்லப்படவில்லை. 15 வயது என்று சொல்லியிருந்தால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருப்போம். பெரியவர்களின் களைப்பு பத்து வயதில் யாருக்குப் புரியும்?

கென்னி வாட்சனுக்கு 10 வயது. மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரத்துப் பையன். எல்லாவற்றையும் அவன்தான் சொல்கிறான். அண்ணன் பைரனுக்கு 13; தெருவே அஞ்சுகிற போக்கிரி. தங்கை ஜோயி கடைக்குட்டி. முதல் அத்தியாயத்திலேயே பைரன் குளிரில் உறைந்த கார்க் கண்ணாடியில் தன் முகத்தைத் தானே முத்தமிடப் போய், உதடு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. நாங்கள் அலபாமாப் பிள்ளைகள், பனியை எப்போதாவது பார்த்தவர்கள். அப்படியும் ஒட்டுமா என்று சந்தேகம். டீச்சர் ஒட்டும் என்றார். மறுநாள் ஒருவன் வீட்டு ஃப்ரீசரில் சோதித்துப் பார்த்துவிட்டு நாக்கைக் காட்டிக்கொண்டு வந்தான்.

நாள்கணக்கில் சிரித்தோம். இதைத்தான் நான் பின்னால் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். சரித்திரம் சொல்ல வந்த மனிதர் நாவலின் பெரும்பகுதியில் சரித்திரத்தை உள்ளேயே விடவில்லை. பழைய காரில் இசைத்தட்டுப் பெட்டி பொருத்தியதைப் பெருமையாகக் காட்டும் அப்பா, செலவுக்கணக்கு பார்க்கும் அம்மா, கையுறை திருட்டுப்போன சண்டை, அண்ணன் தலைமுடியை நேராக்கிக்கொண்டு வந்து வாங்கிய திட்டு. கர்ட்டிஸ் அதே ஃபிளின்ட் நகரத்துக்காரர். கார் தொழிற்சாலையில் 13 வருடம் கதவு மாட்டும் வேலை பார்த்தவர். அந்த வீட்டின் ஒவ்வொரு நாற்காலியும் அவருக்குத் தெரிந்திருந்தது. வாசித்து வாசித்து எங்களுக்கும் தெரிந்துவிட்டது.

பைரனின் அட்டகாசம் தாங்காமல், அவனைப் பர்மிங்ஹாமில் இருக்கும் பாட்டியிடம் கொண்டுபோய் விட முடிவாகிறது. கென்னியின் அம்மா வில்லோனா பயணத்துக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போடுகிறாள். எந்த நாள் எந்த ஊர், எங்கே தங்குவது, எவ்வளவு செலவு என்று எழுதிவைத்து, அட்டையில் அவள் இட்ட தலைப்புதான் நாவலின் தலைப்பு. வழிக்குச் சாப்பாடும் கட்டிக்கொள்கிறார்கள். இந்த இடம் வந்தபோது எனக்கு ஒரே மகிழ்ச்சி. விடுமுறையில் எங்கே போனாலும் எங்கள் அம்மாவும் புளியோதரையும் இட்லியும் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார். வழியில் கடைகள் இருக்க, நாம் மட்டும் ஏன் மரத்தடியில் டப்பாவைத் திறக்கிறோம் என்று கூசிப்போனவள் நான். இதோ, புத்தகத்திலேயே ஒரு குடும்பம் கட்டுச்சோறு எடுத்துப் போகிறது.

அன்று டீச்சர் வாசிப்பை அங்கேயே நிறுத்திவிட்டு, அவர்கள் ஏன் சாப்பாடு எடுத்துப் போகிறார்கள் என்று கேட்டார். சிக்கனம் என்றான் ஒருவன். வெளியில் சாப்பிட்டால் ஜோயிக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன் நான். பின்வரிசையில் இருந்த கறுப்பினப் பெண் கையைத் தூக்காமலே, "தெற்கே வந்தால் அவர்களுக்கு யாரும் சாப்பாடு போடமாட்டார்கள்" என்றாள். டீச்சர் தலையசைத்தார். கறுப்பினப் பயணிகள் எந்த ஊரில் எந்த விடுதியில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்று சொல்லும் 'கிரீன் புக்' என்ற கையேடு 1936 முதல் அச்சாகிவந்ததைச் சொன்னார். ஒரு நாடு முழுக்கக் காரில் போக ஒரு இனத்துக்குத் தனியாக வழிகாட்டி வேண்டியிருந்தது. அதே கட்டுச்சோறுதான். நாங்கள் ருசிக்காகக் கட்டினோம். அவர்களுக்கு வேறு வழி இல்லை. இந்த வித்தியாசம் ஒரு நொடியில் உறைத்தது. நிறப்பிரிவினை என்ற சொல்லை அதற்கு முன்பு பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன், அதன் பொருளைத் தேர்விலும் எழுதியிருக்கிறேன். அது ஒரு பசிக்கிற விஷயம் என்று அன்றுதான் தெரிந்தது.

அன்றன்றைய அத்தியாயத்தை மாலையில் அம்மாவுக்குச் சொல்வேன். அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கேட்பார். அவருடைய அலமாரியில் வார இதழ்களிலிருந்து கிழித்து பைண்டு செய்த கல்கி நாவல்கள் இருந்தன. ஊரிலிருந்து பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தவை. இது சரித்திர நாவல் என்று நான் சொன்னதும், "இதுல ராஜா யாரு?" என்று கேட்டார்.

"ராஜா யாரும் இல்லம்மா."

"அப்புறம் என்ன சரித்திரம்?"

நான் விழித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே, "அலை ஓசை மாதிரி போல" என்றார். அதிலும் ராஜா இல்லை. சாதாரணக் குடும்பங்கள்மேல் விடுதலைப் போராட்டமும் பிரிவினையும் வந்து மோதுகின்றன. அந்தக் கணத்திலிருந்து அம்மா வாட்சன் குடும்பத்தைத் தொடர்கதையாகவே எடுத்துக்கொண்டார். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, "பாட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டாங்களா?"

போய்ச் சேர்ந்தார்கள். வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோயி பாட்டியின் தேவாலயத்துக்கு ஞாயிறு பள்ளிக்குப் போகிறாள். பெரிய சத்தம் ஒன்று கேட்கிறது. யாரோ தேவாலயத்தில் குண்டு வைத்துவிட்டார்கள். கென்னி ஓடுகிறான். புகைக்கும் இடிபாடுகளுக்கும் நடுவே ஒரு கறுப்பு ஷூ கிடைக்கிறது, அன்று காலை தங்கை போட்டுக்கொண்டு போனதைப் போன்றது. முன்பு நீர்ச்சுழலில் அவனை மூழ்கடிக்கப் பார்த்த ஒரு சாம்பல் நிற உருவத்தை மறுபடியும் அங்கே பார்க்கிறான். ஷூவை எடுத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு நடக்கிறான்.

டீச்சர் அங்கே மூடிவிட்டார். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. வாசிக்கச் சொல்லிக் கெஞ்சினோம், ஒருத்தி அழுதாள். ஜோயி செத்துவிட்டாளா என்று மட்டுமாவது சொல்லுங்கள் என்றோம். நாளை என்றார். அது கொடுமை என்று அப்போது தோன்றியது. அந்த ஊரில், 1963 செப்டம்பர் 15 அன்று, தங்கள் பெண் உள்ளே இருக்கிறாளா வெளியே வந்துவிட்டாளா என்று தெரியாமல் எத்தனையோ தாய்தகப்பன்கள் நின்றார்கள். அந்தத் தெரியாமையை ஒரே ஒரு இரவு எங்களிடம் விட்டுவைத்தார் அவர்.

ஜோயி சாகவில்லை. புழுக்கம் தாங்காமல் வெளியே வந்தவள், கென்னி கையசைத்துக் கூப்பிட்டதாக எண்ணி அவன் பின்னால் ஓடிவந்திருக்கிறாள். கென்னி கூப்பிடவே இல்லை. வகுப்பில் கைதட்டல். டீச்சர் தட்டவில்லை. புத்தகத்தின் முதல் பக்கங்களுக்குத் திரும்பினார். ஆரம்பத்தில் அவர் வாசிக்காமல் தாண்டிப்போன சமர்ப்பணப் பக்கம் அது. நான்கு பெயர்கள், பிறந்த தேதி, இறந்த தேதி. நான்குக்கும் இறந்த தேதி ஒன்று. ஆடி மே காலின்ஸ், 14. கேரல் ராபர்ட்சன், 14. சிந்தியா வெஸ்லி, 14. டெனிஸ் மெக்நேர், 11.

பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம் எங்கள் பள்ளிக்கு வெகுதூரம் இல்லை. இளைஞர் ஞாயிறு வழிபாட்டுக்காகக் கீழ்த்தளத்து ஒப்பனை அறையில் அந்தப் பெண்கள் உடை சரிசெய்துகொண்டிருந்தபோது, காலை 10:22-க்கு, வெளிப்படிக்கட்டுக்கு அடியில் வைத்த டைனமைட் வெடித்தது. அதே அறையில் இருந்த ஆடியின் தங்கை சாரா ஒரு கண்ணை இழந்தாள். அன்றே நகரத்தில் இரண்டு கறுப்பினப் பையன்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 வயது ஜானி ராபின்சனைப் போலீஸ் முதுகில் சுட்டது. 13 வயது விர்ஜில் வேர் அண்ணனின் சைக்கிள் கைப்பிடிமேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தான். சுட்டவன் ஒரு வெள்ளைக்காரப் பள்ளி மாணவன். இவை ஒவ்வொன்றையும் டீச்சர் நிதானமாகச் சொன்னார். ஆண்டும் தேதியும் எண்களாக வந்தன. ஆனால் அவற்றைக் கேட்டுக்கொண்டிருந்த வகுப்பு, பல வாரங்கள் ஜோயியோடு ஒரே வீட்டில் இருந்த வகுப்பு. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் குறித்துக்கொண்டு போயிருப்போம். இப்போது ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு அண்ணன் நின்றான்.

குண்டு வைத்தவர்களைப் பிடித்தார்களா என்று யாரோ கேட்டார்கள். ஒருவனை, என்றார் டீச்சர். ராபர்ட் சாம்பிளிஸ் 1977-இல் தண்டிக்கப்பட்டுச் சிறையிலேயே இறந்தான். மற்றவர்கள்? நாங்கள் அந்த அறையில் உட்கார்ந்திருந்த 1997-இல் மற்றவர்களில் இருவர் உயிரோடு வெளியே இருந்தார்கள். நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு, 2001-இல் தாமஸ் பிளான்டனும் 2002-இல் பாபி ஃபிராங்க் செர்ரியும் அதே நகரத்து நீதிமன்றத்தில் ஆயுள்தண்டனை பெற்றார்கள். டெனிஸ் இருந்திருந்தால் அப்போது ஐம்பதை நெருங்கியிருப்பார்.

அந்த வாரத்து வீட்டுப்பாடம்: 1963 பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவர வேண்டும். சிலர் பக்கம் பக்கமாகக் கொண்டுவந்தார்கள். சிலருடைய தாளில் ஒரு வரிதான். ஒரு வெள்ளைக்காரப் பையன் வெறுந்தாளையே நீட்டினான். தாத்தா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டாராம். டீச்சர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவரும் வெள்ளைக்காரர், அதே ஊரில் பிறந்தவர், 1963-இல் சிறுமி. சில மைல் தூரத்தில் நடந்ததைப் பற்றி அவர் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை என்றும், அந்தப் பெண்களின் பெயர்களைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தான் முதன்முதலாகப் படித்ததாகவும் எங்களிடம் சொன்னார். அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

எங்கள் வீட்டில் 1963 இல்லை. அப்பாவும் அம்மாவும் அப்போது திண்டுக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில். (சிவில் உரிமைப் போராட்டம் ஓங்கிய காலத்தில்தான், 1965-இல், பிறந்த நாட்டைப் பார்த்து ஆள் எடுக்கும் குடியேற்ற ஒதுக்கீடு நீக்கப்பட்டது. அதற்கு முன்பு இந்தியாவிலிருந்து வருடத்துக்கு 100 பேருக்குத்தான் இடம். எங்கள் குடும்பம் அமெரிக்காவில் இருப்பதற்கே கறுப்பின மக்கள் சிந்திய ரத்தமும் ஒரு காரணம் என்பதை அப்பா வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டார், எங்களிடமும் சொன்னார்.) எனக்குக் கேட்க ஆள் இல்லை என்றதும், நம் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறும் அம்மையாரிடம் கேள் என்று டீச்சர் சொன்னார்.

மழலையர் வகுப்பிலிருந்து தினமும் பார்க்கும் முகம். தலையில் வலை, கையில் பெரிய கரண்டி. எல்லாக் குழந்தைகளும் அவருக்கு 'பேபி'. நான் தாளும் பென்சிலுமாகப் போய், "மேம், 1963-இல் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டேன். கரண்டியை வைத்துவிட்டு என்னைச் சற்று நேரம் பார்த்தார். "சிறையில் இருந்தேன், பேபி" என்றார்.

அப்போது அவர் ஒன்பதாம் வகுப்பு. நிறப்பிரிவினையை எதிர்த்துப் பெரியவர்கள் ஊர்வலம் போனால் வேலை போய்விடும், வாடகை வீட்டிலிருந்து துரத்துவார்கள். அவருடைய அம்மா ஒரு வெள்ளைக்கார வீட்டில் சமையல்காரர். போகவே கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்குப் பறிபோக வேலை இல்லை. அந்தக் கணக்கில்தான் இயக்கத்தின் அமைப்பாளர் ஜேம்ஸ் பெவல் போன்றவர்கள் பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டினார்கள். வானொலியில் பாட்டுப் போடுகிறவர்கள் குறிப்பால் சொன்னார்களாம்: பூங்காவில் விருந்து இருக்கிறது, பல் துலக்கும் பிரஷ் எடுத்து வாருங்கள். இரவு சிறையில் என்று அதற்குப் பொருள். மே 2, வியாழக்கிழமை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். பள்ளி வாயிலைப் பூட்டிய இடத்தில் மதிலேறிக் குதித்தார்கள். தேவாலயத்திலிருந்து அணி அணியாகப் பாடிக்கொண்டு வெளியே வர, போலீஸ் அள்ளிக்கொண்டே இருந்தது. வண்டி போதாமல் பள்ளிப் பேருந்துகளில் ஏற்றினார்கள். சிறை நிரம்பிப் பொருட்காட்சித் திடலில் அடைத்தார்கள். மறுநாள் முதல் தீயணைப்புக் குழாய்களும் போலீஸ் நாய்களும். ஆணையர் புல் கானர் ஏவியவை. நாய் பாய்வதும் தண்ணீர் பிள்ளைகளைச் சுவரோடு அறைவதுமான படங்கள் உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்தன. ஒரு வாரத்தில் நகரத்து வணிகர்கள் இறங்கிவந்து, உணவு மேசைகளையும் குடிநீர்க் குழாய்களையும் கழிப்பறைகளையும் பொதுவாக்க ஒப்புக்கொண்டார்கள். பள்ளி வாரியமோ ஊர்வலம் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை நீக்கியது; கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவைத் தடுத்தது.

"பயமாக இருந்ததா?" என்று கேட்டேன்.

"அம்மாவை நினைத்துத்தான்" என்றார். "வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று."

நான் எழுதியதை டீச்சர் படித்துவிட்டு அவரை வகுப்புக்கே அழைத்துவந்தார். ஏப்ரனோடு வந்து நின்று பேசினார். அந்தப் பள்ளியில் அத்தனை வருடம் சாப்பாடு போட்டும், யாரும் இதைக் கேட்டதில்லை என்றார். நாங்கள் கேட்டோமென்றால் கென்னியால்தான். ஒரு நாவலில் ஒரு குடும்பத்தைப் பார்த்துப் பழகிய கண், தட்டில் மசித்த உருளைக்கிழங்கு வைக்கும் கையையும் பார்க்கத் தொடங்கியது. பிள்ளைகளுக்குச் சரித்திரக் கதை எதற்கு என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான்: பக்கத்தில் இருப்பவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அது கற்றுத்தருகிறது.

அந்த வசந்தத்தில் வகுப்பையே சிவில் உரிமை நிலையத்துக்கு அழைத்துப்போனார்கள். தேவாலயத்துக்கு எதிரே, 1992-இல் திறந்தது. துணைக்கு வந்த தாய்மார்களில் எங்கள் அம்மாவும் உண்டு. முதலில் கெல்லி இங்கிராம் பூங்கா. பாதையின் இருபுறச் சுவர்களிலிருந்தும் உலோக நாய்கள் பற்களோடு பாய்கின்றன. நடுவே நடந்துதான் போக வேண்டும். பையன்கள் முதலில் நாயின் வாயில் கைவிட்டு விளையாடினார்கள். பிறகு எங்கள் சாப்பாட்டுக்கூடத்து அம்மையார் நின்ற இடம் இதுதானா என்று ஒருவன் கேட்க, விளையாட்டு நின்றது.

உள்ளே இரண்டு குடிநீர்க் குழாய்கள். ஒன்றின்மேல் வெள்ளையருக்கு என்றும் மற்றதன்மேல் கறுப்பருக்கு என்றும் எழுதியிருந்தது. அம்மா அங்கேயே நின்றுவிட்டார். நான் கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. திரும்பும் வழியில், காரில், தமிழில் சொன்னார்.

"எங்க பள்ளிக்கூடத்துல பானை ஒண்ணுதான் கண்ணு. ஆனா சேரியிலேருந்து வர்ற பிள்ளைங்க அவங்களா மோந்து குடிக்கக் கூடாது. நம்ம யாராச்சும் தூக்கி ஊத்தணும். அவங்க கையைக் குவிச்சுக் குடிப்பாங்க. எங்க கிளாஸ்ல ஒருத்தி, கணக்குல அவதான் முதல். அவளுக்கு நான் ஊத்தியிருக்கேன். கை நனையாம ஊத்தச் சொல்லி வீட்டுல பழக்கியிருந்தாங்க."

தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955-இலேயே வந்துவிட்டது. அம்மா சொன்னது அறுபதுகளின் கதை. அந்தக் குழாய்களுக்கு எழுத்துப் பலகை இருந்தது. எங்கள் ஊர்ப் பானைக்குப் பலகைகூடத் தேவைப்படவில்லை. கிங் 1959-இல் இந்தியாவுக்கு வந்தபோது, திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகள் படிக்கும் பள்ளியில் அவரை அமெரிக்கத் தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்தார்கள். முதலில் அதிர்ந்தாலும், யோசித்துப் பார்த்து அது உண்மைதான் என்று ஏற்றுக்கொண்டதாகப் பின்னால் அவரே ஒரு பிரசங்கத்தில் சொன்னார். இதையெல்லாம் நான் வளர்ந்த பிறகு படித்தேன். ஆனால் அம்மா வாய் திறந்தது அந்தக் காரில். தன் பெண்ணிடம் அந்த வகுப்புத் தோழியின் பெயரைச் சொன்னதும் அன்றுதான். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

உயர்நிலைப் பள்ளியில் ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' பாடமாக வந்தது. 1960-இல் வந்த நாவல், எங்கள் மாநிலத்து எழுத்தாளர், நேர்த்தியான நடை. ஆனாலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. நீதிக்காக வாதாடும் வெள்ளைக்கார வழக்கறிஞரின் வீடு முழுக்கத் தெரிகிறது; பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட டாம் ராபின்சனின் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது என்று தெரிவதே இல்லை. குழந்தைக்குக் கொடுக்கும் முதல் புத்தகம் அதுவானால், கறுப்பின மக்கள் காப்பாற்றப்படுவதற்காகக் காத்திருந்தவர்கள் என்றே பதியும். வாட்சன் வீட்டுக்குள் போய்வந்த குழந்தை அப்படி ஏமாறாது.

இப்போது நிலைமை வேறு. 2024-இல் அலபாமா அரசு சில கருத்துகளைப் பிளவு உண்டாக்குபவை என்று பட்டியலிட்டு, அரசுப் பள்ளிகளில் அவற்றைக் கையாளும் விதத்துக்குக் கட்டுப்பாடு விதித்துச் சட்டம் போட்டது. குழந்தைகள் மனம் புண்படக் கூடாதாம். டெனிஸ் மெக்நேருக்கு 11 வயது. அவளுக்கு நேர்ந்ததைக் கேட்கவும் வயது போதாது என்று 11 வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? எங்கள் வகுப்பில் அழுதவர்கள் உண்டு. அந்த அழுகையால் யாரும் கெட்டுப்போகவில்லை. வெறுந்தாளை நீட்டிய பையன் பிறகு ஒருநாள் தாத்தாவின் பதிலோடு வந்தான். அதை வகுப்பில் வாசிக்காமல் டீச்சரிடம் மட்டும் கொடுத்தான்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடையில் நூலகத்திலிருந்து மில்ட்ரெட் டெய்லரின் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை கிரை' எடுத்துவந்தேன். 1976-இல் வந்து மறுவருடம் நியூபெரி பதக்கம் பெற்ற நாவல். 1933-இல் மிசிசிப்பியில், சொந்த நிலம் வைத்திருக்கும் கறுப்பினக் குடும்பத்தின் கதை. முதல் அத்தியாயத்தில் ஆறு வயதுச் சிறுவனுக்குப் பள்ளியில் பாடப்புத்தகம் கிடைக்கிறது. அழுக்கேறி, கிழிந்து. அட்டையின் உட்புறம் ஒரு பட்டியல்: எந்த வருடம் யாருக்குக் கொடுத்தது, அப்போது நிலை எப்படி. வெள்ளைக்காரப் பிள்ளைகள் வருடக்கணக்கில் பயன்படுத்தி, நிலை மிக மோசம் என்று ஆன பிறகு அது இவர்கள் பள்ளிக்கு வந்திருக்கிறது. பையன் அதை வாசித்துவிட்டுப் புத்தகத்தைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். இந்த இடத்தைச் சொன்னதும் அம்மா என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார். லிப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரவில் அவரே வாசித்தார். எனக்கு முன்னால் முடித்தும்விட்டார். நாவலின் முடிவில் சிறைக்குப் போகும் வேறொரு பையனை நினைத்துக் கோபம் வந்துவிட்டது.

"அந்தப் பையனை ஜெயில்ல போட்டதோட விட்டுட்டாங்க. இப்படியா நிறுத்துவாங்க? அடுத்த பாகம் இருக்கும், வா."

கல்கியைப் பாகம் பாகமாகப் படித்தவர் வேறு எப்படி நினைப்பார்? அடுத்த பாகம் இருந்தது. 1981-இல் வந்த 'லெட் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்'. அதில் வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி அந்தப் பையனைக் குற்றவாளி என்று தீர்க்கிறது. ஜூரியில் ஏன் கறுப்பர் ஒருவர்கூட இல்லை என்று அம்மா அப்பாவைத் துளைத்தெடுத்தார். அந்தக் காலத்து மிசிசிப்பியில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஜூரியில் உட்காரலாம். பட்டியலில் சேர வாக்கு வரி கட்ட வேண்டும், அரசியல் சட்டத்தில் தேர்வு எழுத வேண்டும், தேறினாயா இல்லையா என்று முடிவு செய்பவர் வெள்ளைக்கார அதிகாரி. அதே நாவலில் லீ ஆனி என்ற வயதான பெண்மணி மிசிசிப்பியின் அரசியல் சட்டத்தை வரிவரியாகப் படித்துப் பெயர் பதியப் போகிறாள். பதியவிடவில்லை. அவளைக் குடியிருந்த நிலத்தைவிட்டே துரத்திவிடுகிறார்கள். அம்மாவுக்கு லீ ஆனி பகுதி ஏறக்குறைய மனப்பாடம்.

பிறகு அம்மா குடியுரிமைத் தேர்வு எழுதித் தேறி, வாக்காளராகப் பெயர் பதியப் போனபோது நானும் கூடப் போனேன். தேர்வுக்குப் படித்த 100 கேள்விகளும் பதில்களும் கொண்ட தாள்கள் அவர் கைப்பையில் இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவந்திருந்தார். மேசையில் இருந்த கறுப்பினப் பெண்மணி ஒற்றைத் தாளை நீட்டினார். பெயர், முகவரி, கையெழுத்து. அம்மா நிரப்பிக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். கேள்வி ஒன்றும் கேட்கமாட்டீர்களா என்றார் தன் ஆங்கிலத்தில். அந்தப் பெண்மணி நிமிர்ந்து பார்த்து, "இப்போது கேட்பதில்லை, மேம். 1965-இல் அதை நிறுத்திவிட்டோம்" என்றார். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருக்கு லீ ஆனியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தன் பாட்டி தேர்வுக்குப் படித்த கதையைப் பதிலுக்குச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று.